பவளத் தொட்டியில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

வீட்டில் வளர்க்கும் கடல்நீர்ப் பவளத் தொட்டியில் ஒரு கோளாறு கண்ணுக்குப் புலப்படும் நேரத்தில், அதன் காரணம் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே தண்ணீரில் தொடங்கியிருக்கும். பவளம் சுருங்குவதும் மீன் மூச்சு வாங்குவதும் தாமதமாக வந்து சேரும் செய்திகளே. ஆகவே அறிகுறியைக் கண்டவுடன் ஒரு புட்டி மருந்தை வாங்கி ஊற்றுவது, பல நேரங்களில் மூலக் கோளாற்றைவிடப் பெரிய சேதத்தை விளைவிக்கிறது. கீழ்வரும் வழிமுறை சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் வெப்பத்தையும், அங்கு வீடுகளுக்கு வரும் தண்ணீரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இதில் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான விதிகள் இரண்டு: அளக்காமல் எதையும் ஊற்றக் கூடாது; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

முதலில் அளக்க வேண்டியவை

வெப்பநிலை, உப்புத்தன்மை, அம்மோனியா, ஆல்கலினிட்டி (நீரில் கரைந்துள்ள கார்பனேட்டின் இருப்பு) ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள்ளும், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்காகவும், அதாவது ஒப்படர்த்தி 1.026 அளவிலும் இருக்க வேண்டும். அம்மோனியா இருக்கவே கூடாது. ஆல்கலினிட்டி, அதை அளக்கும் டிகேஹெச் என்னும் அலகில், 7 முதல் 9 வரை இருக்கலாம். எந்த எண் என்பதைவிட, அந்த எண் நாளுக்கு நாள் ஆடாமல் நிற்கிறதா என்பதே பவளத்துக்கு முக்கியம். இவற்றுக்குப் பிறகு கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1400 பிபிஎம், நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் ஆகிய அளவுகளுக்குள் உள்ளனவா என்று சரிபார்க்கலாம்.

அளக்கும் கருவியே பொய் சொல்லக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒளிவிலகலால் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வடிநீரில் சுழியத்துக்குச் சரிசெய்து வைத்தால் மட்டும் போதாது; 35 பங்கு உப்புள்ள அளவீட்டுக் கரைசலை வைத்துச் சரிபார்த்தால்தான் நமக்குத் தேவையான இடத்தில் அது சரியாகக் காட்டுகிறதா என்பது தெரியும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு மாறிவிடும். காலாவதியான சோதனைக் கிட்டுகள் குறைத்தும் கூட்டியும் காட்டும். நம்ப முடியாத ஓர் எண் வந்தால், தொட்டியைத் திருத்துவதற்கு முன் வேறொரு கிட்டில் மறுபடி அளந்து பார்ப்பதே சரி.

எல்லாப் பவளங்களும் ஒரே நேரத்தில் சுருங்கினால்

தொட்டியில் உள்ள அனைத்தும் ஒரே நாளில் மூடிக்கொண்டால், காரணம் ஒளியிலோ பூச்சியிலோ இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. முதலில் ஐயப்பட வேண்டியது உப்புத்தன்மை. தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த மட்டத்தை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பிவந்தால் உப்பு சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். மாறாக, தானியங்கி நீர்நிரப்பியின் மிதவை சிக்கிக்கொண்டால் ஓரிரவில் பல லிட்டர் நன்னீர் உள்ளே போய் உப்பு சரிந்துவிடும். நன்னீர் வைக்கும் வாளியைச் சிறியதாகவே வைத்துக்கொண்டால், மிதவை பழுதானாலும் சேதம் ஒரு வரம்புக்குள் நிற்கும்.

கடலிலிருந்தே நீர் எடுத்துவந்து மாற்றுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் கரையோர மேல்மட்ட நீரில் உப்பு குறைந்துவிடுகிறது. அடையாறு, கூவம் போன்ற முகத்துவாரங்களுக்கு அருகில் கழிவும் கலந்திருக்கும். சித்திரையில் நன்றாக ஒத்துக்கொண்ட அதே கடற்கரை நீர், மழைக்காலத்தில் பவளங்களை ஒரே மாலையில் மூட வைத்துவிடும். ஒவ்வொரு முறையும் எடுத்த நீரின் உப்பை அளந்து, குறைந்திருந்தால் கடலுப்புக் கலவை சேர்த்து 35க்குக் கொண்டுவந்து, தொட்டியின் வெப்பநிலைக்கு இணையாக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

உப்பும் வெப்பமும் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டின் காற்று. கொசுவை விரட்டும் திரவங்களிலும் பூச்சி கொல்லும் ஸ்பிரேக்களிலும் உள்ள பைரெத்ராய்டு வகை வேதிப்பொருட்கள் மீனுக்கும், அதைவிட அதிகமாக இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. ஏர் பம்பும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் கலப்பவை என்பதால், தொட்டி உள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. நத்தைகளும் இறால்களும் முதலில் சாய்ந்து, மீன்கள் நன்றாக இருந்தால் இந்தத் திசையில் சிந்திக்கலாம்; செம்பு கலந்த தண்ணீரும் இதே அறிகுறியைத் தரும். இரண்டுக்குமே, புதிய ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு, சரியாகத் தயாரித்த உப்புநீரால் 20 முதல் 30 சதவீதம் வரை மாற்றுவதே முதலுதவி.

ஒரு பவளம் மட்டும் நலிந்தால்

மற்றவை செழிப்பாக இருக்க, ஒன்று மட்டும் வெளிறினால் அதன் இடத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும். விளக்குக்கு நேர்கீழே மேற்புறம் மட்டும் வெளுத்து, நிழலில் உள்ள அடிப்புறம் நிறம் மாறாமல் இருந்தால் ஒளி மிகுதி என்று பொருள். விளக்கின் வலிமையைக் குறைத்து, சில வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். யூஃபிலியா, கேலக்ஸியா போன்ற பவளங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி அண்டை பவளத்தைச் சுடும். விளக்கணைந்து வெகுநேரம் கழித்துக் கைவிளக்கோடு பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இவற்றுக்கு ஒரு சாண் இடைவெளியாவது விட வேண்டும்.

கிளைப் பவளங்களில் தோல் எங்கிருந்து உரிகிறது என்பது நிறையச் சொல்லும். நுனிகள் மட்டும் வெள்ளையாகக் கருகினால், ஆல்கலினிட்டி உயர்வாகவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாகவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சேர்க்கையை அக்ரோபோரா என்னும் கிளைப் பவளம் தாங்குவதில்லை. அடியிலிருந்து மெல்ல மேலேறினால் ஆல்கலினிட்டியின் ஏற்ற இறக்கம், நீரோட்டக் குறைவு, அல்லது அடியில் ஒளிந்திருக்கும் தட்டைப்புழு ஆகியவற்றை ஐயப்படலாம். சில மணி நேரத்திலேயே தோல் முழுவதும் கழன்று ஓடினால் காத்திருக்கக் கூடாது: நல்ல நிலையில் உள்ள கிளைகளை உரியும் எல்லைக்குச் சற்று மேலே வெட்டி, தனித்தனியாக ஒட்டிவைத்தால் சிலவற்றையாவது காப்பாற்றலாம். புதிதாக வாங்கும் ஒவ்வொன்றையும் அயோடின் கரைசலில் நனைத்தெடுப்பது நல்லதுதான். ஆனால் அது பூச்சிகளில் சிலவற்றைக் கொல்லுமே தவிர, அவற்றின் முட்டைகளைக் கொல்லாது. ஆகவே முட்டைகளைக் கத்தியால் சுரண்டி நீக்கி, வாரம் ஒருமுறை சில வாரங்களுக்கு மீண்டும் நனைக்க வேண்டும்.

ஆல்கலினிட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பவளம் இறக்கும் தொட்டிகளில் மிகப் பல இதில்தான் தவறுகின்றன. பவளம் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஒரு நிலையான விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது: 20 பிபிஎம் கால்சியம் குறைந்தால் ஆல்கலினிட்டி ஏறத்தாழ 2.8 டிகேஹெச் குறைந்திருக்கும். கால்சியத்தின் இருப்பு பெரிது, ஆல்கலினிட்டியின் இருப்பு சிறிது. அதனால் பற்றாக்குறை முதலில் ஆல்கலினிட்டியில்தான் தெரியும். இரண்டு நாட்கள், நாளின் அதே நேரத்தில் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவை மட்டும் நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும். ஏற்கெனவே குறைந்துபோனதை உயர்த்தும்போது ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றக் கூடாது. எவ்வளவு சேர்த்தாலும் ஏறவில்லை, பம்பிலும் ஹீட்டரிலும் வெள்ளைப் படிவு மட்டும் சேர்கிறது என்றால், மக்னீசியத்தை அளந்து பார்க்க வேண்டும். அது குறைந்த தண்ணீரில் கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போகாமல் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகின்றன.

நலிந்த பவளத்துக்குப் பதிலாக வேறொன்று வாங்க நினைப்பவர்கள் இந்தியச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்ததாகச் சொல்லி விற்கப்படும் பவளத்தையோ பவளப் பாறையையோ வாங்குவது குற்றம். அந்தக் கடல் இழப்பைத் தாங்கும் நிலையிலும் இல்லை. பவளங்களை நேசித்துத் தொட்டி வைப்பவர்கள் இதில் சிறு சமரசமும் செய்துகொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மணலிலும் பாறையிலும் பழுப்பு அல்லது சிவப்புப் படலம்

மிகுதியாகத் தவறாகக் கணிக்கப்படும் அறிகுறி இதுவே. டயட்டம், சயனோபாக்டீரியா, டைனோபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) ஆகிய மூன்று நுண்ணுயிர்களும் பார்வைக்கு ஒத்திருந்தாலும், ஒன்றுக்கான மருத்துவம் இன்னொன்றை வளர்த்துவிடும்.

டயட்டம் பழுப்புத் தூளாகப் படியும். விரலால் தடவினால் கலைந்துபோகும். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் இது வருவது இயல்பு, நத்தைகள் தின்று தீர்த்துவிடும். பழைய தொட்டியில் மீண்டும் வந்தால், ஊற்றும் நன்னீரில் சிலிகேட் இருக்கிறது. சமையலறை ஆர்ஓ இயந்திரத்தின் நீரைத் தொட்டிக்கு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பல, குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்பதற்காக, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள திடப்பொருட்களின் அளவு) கண்ட்ரோலர் வழியாக வடிகட்டாத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கின்றன, அல்லது இறுதியில் தாதுக்களைச் சேர்க்கின்றன. குடிநீருக்கு அது சரி. பவளத் தொட்டிக்கு ஆகாது. ஆர்ஓ நீர், எஞ்சிய தாதுக்களை நீக்கும் டிஐ ரெசின் வழியாகவும் சென்று, டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். மீட்டர் 1 அல்லது 2 என்று ஏறத் தொடங்கும்போதே ரெசினை மாற்றிவிடுவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் வரும் வீடுகளில் ரெசின் எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்துவிடும்.

சயனோபாக்டீரியா சிவப்பு அல்லது கருஞ்சிவப்புத் தாளாகப் படர்ந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்துவரும். நீரோட்டம் படாத மூலைகளிலும் கழிவு தேங்கும் இடங்களிலும்தான் இது தொடங்கும். குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டின் திசையை மாற்றி அந்த மூலைக்கு ஓட்டம் கொடுத்து, தீனியைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கை நாடுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அது நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடும், இறந்து அழுகும் படலம் ஆக்சிஜனையும் குறைத்துவிடும்.

டைனோபிளாஜெல்லேட் சளி இழைகளாகத் தொங்கும்; இழைகளின் நுனியில் காற்றுக்குமிழிகள் சிக்கியிருக்கும். மாலையில் அடர்ந்து, விடியலில் மெலிந்து காணப்படும். நத்தைகள் அதைத் தின்று செத்துக் கிடந்தால் ஐயம் மேலும் வலுப்பெறும், ஏனென்றால் சில வகைகள் நஞ்சுள்ளவை. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு: படலத்தைக் கொஞ்சம் தொட்டி நீரோடு எடுத்து, நன்றாகக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டி, தெளிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கொளியில் வைக்க வேண்டும். மீண்டும் இழைகளாகத் திரண்டால் டைனோவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 400 மடங்கு பெருக்கும் ஒரு சாதாரண நுண்ணோக்கி இருந்தால் ஐயமே எழாது. அதற்குச் செலவிடும் பணம் மருந்துப் புட்டிகளுக்குச் செலவிடுவதைவிடப் பயன் தரும் என்பேன்.

டைனோ பெரும்பாலும் அழுக்கான தொட்டியில் வருவதில்லை. அளவுக்கு மீறிச் சுத்தம் செய்யப்பட்ட தொட்டியில் வருகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்துக்கு இறங்கும்போது போட்டியிடும் மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் ஒதுங்க, டைனோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதைச் சயனோ என்று தவறாக எண்ணி, தீனியைக் குறைத்து, பாஸ்பேட் நீக்கியைக் கூட்டி, தண்ணீரை அடிக்கடி மாற்றினால் அது இன்னும் தழைக்கும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிட்டு, தீனியைக் கூட்டியோ நேரடியாகச் சேர்த்தோ நைட்ரேட்டை 5 முதல் 10 வரையிலும், பாஸ்பேட்டை 0.1க்கு அருகிலும் நிறுத்தி, நஞ்சை உறிஞ்சக் கார்பனை இயக்கி, சில வாரங்கள் தண்ணீர் மாற்றாமல் பொறுக்க வேண்டும். இரவில் நீரில் மிதந்தேறும் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைக்கு, தொட்டி நீரை நேரடியாக இழுக்கும் யூவி விளக்கு நன்கு உதவும். மணலை விட்டு எழாத ஆம்ஃபிடினியம் வகைக்கு யூவியால் பயனில்லை. அளந்து சிலிகேட் சேர்த்து டயட்டத்தை வளரவிட்டு, அதை டைனோவுக்குப் போட்டியாக்கும் முறையே பலனளிக்கிறது.

பச்சை நிற இழைப்பாசி இதற்கு எதிரான கதை. அங்கே சத்து மிகுதி. ஆனால் சோதனையில் பாஸ்பேட் சுழியமாகக் காட்டக்கூடும், பாசியே அதை உறிஞ்சிவிடுவதால். கையால் பிடுங்கி, உறைந்த தீனியைக் கழுவிப் போட்டு, டர்போ நத்தைகளைச் சேர்த்து, சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) கடற்பாசி வளர்த்தால் மெல்ல விலகும்.

மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கினால்

எல்லா மீன்களும் ஒருசேர வாயைத் திறந்து திணறினால், நோயைத் தேடுவதற்கு முன் ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் பார்க்க வேண்டும். பவர்ஹெட் நின்றிருக்கலாம், தண்ணீர் சூடேறியிருக்கலாம், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். பாறைக்குப் பின்னால் ஒரு மீனோ பெரிய நத்தையோ இறந்து அழுகிக்கொண்டிருக்கலாம். மேற்பரப்பைக் கலக்கும்படி பவர்ஹெட்டை மேல்நோக்கித் திருப்புவதே உடனடி உதவி.

உடலில் உப்புத்தூள் ஒட்டினாற்போல் தனித்தனி வெண்புள்ளிகள் தெரிந்தால் அது கிரிப்டோகேரியான் என்னும் வெண்புள்ளி நோய். புள்ளிகள் சில நாட்களில் தாமாக உதிர்வதைக் கண்டு குணமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கி, மணலில் கூடு கட்டி, பெருகித் திரும்ப வரும். செம்பு மருந்து இதைத் தீர்க்கும், ஆனால் அதைப் பவளத் தொட்டியில் ஒரு துளியும் விடக் கூடாது: பவளம், இறால், நத்தை அனைத்தும் மடியும். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, செம்பின் அளவை நாள்தோறும் கிட்டால் சோதித்துச் சிகிச்சை தர வேண்டும்; பெரிய தொட்டியை மீனின்றிக் காலியாக விட வேண்டும். அதற்கு 76 நாட்கள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மிக நுண்ணிய பொன்தூள் படிந்து, மீன் ஒளிக்கு ஒதுங்கி, நீரோட்டத்தின் முன் நின்று வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். அங்கே அவகாசம் இல்லை. அன்றே பிடித்துச் செம்புத் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

புதிய மீனை நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துச் சேர்ப்பதும், கடலில் பிடித்ததற்குப் பதில் பண்ணையில் பிறந்த கோமாளி மீனை வாங்குவதும் இந்த இரண்டு நோய்களும் நுழையும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் கோமாளி மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் நுட்பத்தை உருவாக்கியிருப்பதால், பண்ணை மீன் நமக்கு எட்டாத பொருளும் அல்ல.

வெப்பம் ஏறினால், மின்சாரம் போனால்

கத்திரி வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவது கடலோர வீடுகளில் அரிதன்று. நீர்ப்பரப்பின் மேல் ஓடும் சிறு மின்விசிறி ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அதன் பயன் குறைந்துவிடும், நன்னீர்ச் செலவும் கூடும். சில்லர் வைத்திருந்தும் குளிரவில்லை என்றால், அது மூடிய அலமாரிக்குள் தன் சூட்டையே மீண்டும் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தைப் பகலிலிருந்து மாலைக்கும் முன்னிரவுக்கும் மாற்றுவது செலவில்லாத உதவி. ஏசி ஓடாத சென்னை வீட்டில் ஹீட்டரை ஆண்டின் பெரும்பகுதி கழற்றியே வைக்கலாம். ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் தொட்டியைக் காய்ச்சிவிடும் அபாயம் அதோடு நீங்கும். வெப்பத்தை இறக்கும்போது பனிக்கட்டியை நேராகப் போடாமல், மூடிய புட்டியில் உறையவைத்து மிதக்கவிட்டு, மெதுவாக இறக்க வேண்டும்.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பவர்ஹெட்டை இணைத்தால் போதும். விளக்கும் ஹீட்டரும் வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைச் சோதித்து வைத்திருப்பதும் நல்லது. இரண்டும் இல்லாவிட்டால், ஒரு குவளையால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் போன நிமிடத்தில் சம்ப் நிரம்பி வழிந்தால், திரும்பும் குழாய் தொட்டி நீரைப் பின்னோக்கி உறிஞ்சுகிறது என்று பொருள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளையிட்டால் காற்றுப் புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். துளையை நத்தையோ உப்போ அடைக்காமல் மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மங்கல், பிஹெச் குறைவு, ஸ்கிம்மர் பொங்குதல்

வெண்மையான மங்கல் தீனி மிகுந்தபோதோ புதிய தொட்டியிலோ பாக்டீரியா பெருகுவதால் வருவது. காற்றோட்டத்தைக் கூட்டினால் சில நாட்களில் தெளியும். ஆல்கலினிட்டிக் கரைசலை ஊற்றியவுடன் மங்கினால் அது சுண்ணாம்பு படிவது. ஓட்டமுள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆல்கலினிட்டி சரியாக இருந்தும் பிஹெச் 7.8க்குக் கீழே இருந்தால், ஏசிக்காகச் சன்னலை மூடிய அறையில் மனிதர்களின் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கிறது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாலே பிஹெச் ஏறும். வேதிப்பொருளால் ஏற்ற முயல வேண்டாம். ஸ்கிம்மர் திடீரென்று பொங்கினால், அண்மையில் கையில் சோப்பு இருந்ததா, மருந்தோ பசையோ போடப்பட்டதா என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் கை வைத்ததும் மெல்லிய அதிர்ச்சி தெரிந்தால் உடனே கையை எடுத்து, மெயின் சுவிட்சை அணைத்த பிறகே எதையும் தொட வேண்டும். விரிசல் விட்ட ஹீட்டரோ பம்பின் கேபிளோதான் பெரும்பாலும் காரணம். தொட்டிக்குச் செல்லும் மின்இணைப்பில் மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேபிளும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, வழியும் நீர் அங்கேயே சொட்டும்படி இருக்க வேண்டும்.

கல்லைச் சுத்தம் செய்த பிறகு வளர்ப்பவருக்கே உடல்நலம் கெட்டால்

அயிப்டேசியா என்னும், களைபோல் பரவிக் கொட்டும் கடற்சாமந்தியை அழிக்க முனைபவர்கள் அதை நசுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும். பெப்பர்மிண்ட் இறாலை விடுவதோ, பம்புகளை நிறுத்திச் சுண்ணாம்புக் குழம்பால் அதன் வாயை மூடுவதோ போதும். கல்லை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றுவதும் வேகவைப்பதும் ஒருபோதும் கூடாது. அந்தக் கல்லில் பாலிதோவா அல்லது சில சோவாந்தஸ் வகைப் பவளங்கள் இருந்தால், அவற்றிலுள்ள பாலிடாக்சின் என்னும் நஞ்சு ஆவியோடு எழுந்து அறையில் உள்ள அனைவரையும் தாக்கும். கல்லைத் தேய்த்த சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், தசைவலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை தோன்றினால், வீட்டில் உள்ள அனைவரும் செல்லப்பிராணிகளோடு அறையை விட்டு வெளியேறி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. மூச்சுக்கும் இதயத்துக்கும் துணை தரும் சிகிச்சையே தரப்படும். பாலிடாக்சின் என்ற பெயரையும் பவளத் தொட்டியில் வேலை செய்ததையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சொல்லாவிட்டால் அது சாதாரணக் காய்ச்சலாகவே கருதப்படும். இத்தகைய கல்லைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தண்ணீருக்குள் வைத்தே வேலை செய்து, கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் அதைத் தள்ளிப்போட வேண்டும்.